திருமலை (திருகோணமலை) கிரிக்கெட் லீக்: புது சீசனை எங்கிருந்து தொடங்குவது?

உவர்மலை செயலாளர்

மழை விடும்போதே போன் வரத் தொடங்கிவிட்டது: "அண்ணா, இந்த முறை லீக் எப்ப?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோரும் இருக்கும் இடத்தில் கதைப்பது நல்லது என்று இதை எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் லீக்கில் கோப்பைக்கு ஒருநாளும் குறை வந்ததில்லை. யாராவது ஒருவர் தாய் தகப்பன் நினைவாகக் கொடுத்துவிடுவார். குறை வருவது நாட்காட்டியில், நடுவரில், ஸ்கோர் எழுதும் ஆளில். இவற்றைச் சரிப்படுத்தாமல் முதல் பந்தைப் போடக்கூடாது. கையில் வரும் காசிலும் முதல் பங்கு இவற்றுக்கே போக வேண்டும்.

நாட்காட்டியைப் பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை மழை. அப்போது மைதானத்தில் தண்ணீர் நிற்கும், கதையே இல்லை. தை, மாசியில் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். மக்கெய்சர், ஏகாம்பரம் மைதானங்களில் நாள் கிடைப்பது கடினம். 2026இல் நோன்பு பெப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் 20ஐ ஒட்டி முடிகிறது. கிண்ணியா, மூதூர் கழகங்கள் இல்லாத லீக் திருமலை லீக் ஆகாது. நோன்பு பிடித்துக்கொண்டிருப்பவரை வெயிலில் இருபது ஓவர் களத்தடுப்பில் நிறுத்துவது நியாயமும் இல்லை. அப்புறம் பங்குனி உத்தரத்தோடு கோணேசர் திருவிழா, அதை ஒட்டிச் சித்திரைப் புத்தாண்டு.

ஆக, ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தொடங்கி செப்டெம்பருக்குள் முடிக்க வேண்டும். மே கடைசியில் ஹஜ் பெருநாள், ஆவணியில் வெருகல் திருவிழா, இடையில் பரீட்சைகள். இவற்றைக் கழித்துவிட்டு, கொஞ்சம் மழைக்கும் ஒதுக்கிவிட்டால் பதினைந்து வார இறுதிகளை நம்பலாம்.

பத்துக் கழகங்கள் ஒன்றோடொன்று ஒருமுறை மோதினால் 45 மெட்ச். ஒரு மைதானத்தில் சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு இரண்டு வைத்தால் பன்னிரண்டு வார இறுதிகள் போதும். அரையிறுதிக்கும் இறுதிக்கும் மிச்சம் மூன்று. "இரண்டு குழுவாகப் பிரித்தால் லீக் சுற்று இருபது மெட்ச்சோடு முடிந்துவிடும், செலவும் குறையும்" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு யோசனை வரும். அதற்கு நான் எதிர். தோற்கிற கழகத்துக்கு ஆண்டு முழுவதுக்கும் நான்கே மெட்ச் என்றால், அந்தப் பெடியள் பயிற்சிக்கு ஏன் வரப்போகிறார்கள்?

உங்கள் கருத்துகளை எழுதுங்கள். எதிர்க் கருத்தென்றாலும் பரவாயில்லை.

---

கிண்ணியா இடக்கை

நோன்பு நாட்களைக் கேட்காமலே ஒதுக்கியதற்கு முதலில் நன்றி செயலாளர் அண்ணா. அடுத்த ஆண்டு அது இன்னும் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். இந்தக் கணக்கை வைத்தே பல ஆண்டுகளுக்கு நாட்காட்டி போடலாம்.

எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. எல்லா மெட்ச்சும் ஏன் டவுனிலேயே? எங்கள் நானாமார் துறையடியில் பாதைப் படகுக்குக் காத்திருந்து மறுகரைக்கு வந்து விளையாடிய காலம் உண்டு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு போக்குவரத்து இலகுவாகிவிட்டது. அந்தப் பாலத்தில் எங்களைப் போலவே டவுன் கழகங்களும் வரலாம்தானே? காலை எட்டு மணி மெட்ச்சுக்கு மூதூரிலிருந்து வருகிற பெடியள் சுபஹ் தொழுகையோடு வெளிக்கிட வேண்டும். வேன் வாடகையைக் கழகத்தில் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டுகிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவன் இரண்டு வாரம் கட்டுவான், மூன்றாம் வாரம் "காய்ச்சல்" என்பான். அவனுக்குக் காய்ச்சல் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றில் ஒரு பங்கு மெட்ச்சையாவது கிண்ணியாவிலும் மூதூரிலும் வையுங்கள். அங்கே பார்க்கவும் ஆட்கள் வருவார்கள்.

---

வயல்வெளி

தம்பலகாமத்திலிருந்து எழுதுகிறேன். ஓகஸ்ட், செப்டெம்பரில் எங்கள் பக்கம் சிறுபோக அறுவடை. அந்த நேரம் பார்த்து இரண்டு மெட்ச் அடுத்தடுத்து வைத்தால் எட்டுப் பேரோடுதான் இறங்குவோம். எங்கள் மெட்ச்களை மே, ஜூனில் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். ஒரு வார இறுதியில் இரண்டு நாளும் ஆடவும் தயார். வேறு எதுவும் கேட்கவில்லை.

---

டொரண்டோ திருமலையான்

இங்கே இருக்கும் பழைய மாணவர்கள், நண்பர்கள் சேர்ந்து இந்த முறை நல்லதொரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறோம். எங்கள் விருப்பம்: பெரிய கோப்பை, தொடர் நாயகனுக்கு மோட்டார் சைக்கிள், வர்ண உடை, வெள்ளைப் பந்து, இறுதிப் போட்டியை நேரலையில் காட்ட கமெரா. ஊர்ப் பெடியள் தங்களைத் திரையில் பார்க்க வேண்டும். நாங்கள் விளையாடிய காலத்தில் எங்களைப் படம் எடுக்கக்கூட ஆள் இருக்கவில்லை. அந்தக் குறை இவர்களுக்கு வேண்டாம்.

---

பழைய நடுவர்

டொரண்டோ தம்பி, உங்கள் மனசு பெரிது. ஊரை விட்டுப் போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் இந்த மைதானத்தை நினைக்கிறீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த மோட்டார் சைக்கிள் பற்றி நான் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் லீக்கில் ஸ்குவேர் லெக்கில் இரண்டாவது நடுவராக நிற்பது யார்? துடுப்பெடுத்தாடும் அணியிலிருந்து ஒரு பெடியன். ரன் அவுட் அப்பீல் வரும்போது அவன் முதலில் பார்ப்பது கிரீஸ் கோட்டை அல்ல, தன் அணித்தலைவரின் முகத்தை. கையைத் தூக்கினால் அன்று வேனில் அவனோடு யாரும் கதைக்கமாட்டார்கள். தூக்காவிட்டால் எதிரணி அவனைக் கள்ளன் என்று கூப்பிடும். பத்தொன்பது வயதுப் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்துவது அவனுக்குச் செய்யும் அநியாயம். இப்போது அதே ரன் அவுட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் தொங்குகிறது என்று வையுங்கள்.

ஒவ்வொரு மெட்ச்சுக்கும் இரண்டு நடுநிலை நடுவர்கள். அவர்களுக்குப் போக்குவரத்துக் காசு, சாப்பாடு, சின்னதாக ஒரு கொடுப்பனவு. இதுதான் முதற்செலவு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நடுவர்களுக்கும் விதி தெரிந்திருக்க வேண்டும். 2022 ஒக்டோபரில் வந்த மாற்றங்களே இன்னும் பல மைதானங்களுக்கு வந்து சேரவில்லை. பிடி கொடுத்து ஆட்டமிழந்தால், இருவரும் ஓடிக் கடந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும். அது ஓவரின் கடைசிப் பந்தாக இருந்தால் மட்டும் வேறு. இதற்காக இன்றும் பத்து நிமிடம் சண்டை பிடிக்கிறோம். பந்துவீச்சாளர் முனையில் முன்கூட்டியே கிரீசை விட்டு வெளியேறுபவரை ஆட்டமிழக்கச் செய்வதும் அப்படித்தான். 2014இல் எட்ஜ்பாஸ்டனில் சச்சித்ர சேனநாயக்க ஜோஸ் பட்லரை அப்படி வெளியேற்றியபோது உலகமே அதைப் பற்றிக் கதைத்தது. இப்போது அது 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41ஆம் விதியில் இல்லை, சாதாரண ரன் அவுட்டாக 38ஆம் விதியில் இருக்கிறது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நடுவர் கையைத் தூக்கத்தான் வேண்டும்.

அஞ்சலோ மத்தியூஸை மறந்திருக்கமாட்டீர்கள். 2023 நவம்பர் 6, டெல்லி, பங்களாதேஷுக்கு எதிராக. ஹெல்மெட் பட்டி அறுந்து நின்றவரை நேரம் கடந்துவிட்டது என்று அனுப்பினார்கள். அந்த உலகக் கிண்ணத்தின் விதிமுறையில் இரண்டு நிமிடம், கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்.சி.சி.யின் பொது விதியில் மூன்று நிமிடம். எங்கள் லீக்கில் எவ்வளவு? யாருக்காவது தெரியுமா? எங்கேயும் எழுதப்படவில்லை. நாங்கள் ஹெல்மெட்டையும் பேட்ஸையும் ஒருவர் கழற்ற மற்றவர் போடுகிற ஆட்கள். எனவே மூன்று நிமிடம் என்று எழுதி, எல்லா அணித்தலைவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

கச்சான் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் அந்தக் காற்றில் ஸ்டம்ப் மேல் வைக்கும் பெயில்ஸ் நிற்காது. நடுவர் வைப்பார், விழும், திரும்ப வைப்பார், அதற்குள் பந்துவீச்சாளர் பாதி ஓட்டத்தில் நிற்பார். விதி 8.5ஐப் பாருங்கள்: நடுவர்கள் இருவரும் ஒத்துக்கொண்டால் பெயில்ஸ் இல்லாமலே ஆடலாம், ஆனால் இரண்டு முனையிலும் எடுத்துவிட வேண்டும். அப்போது விக்கெட் வீழ்ந்ததா என்பதை நடுவர் தன் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பார். நடுநிலை நடுவர் இல்லாத மைதானத்தில் இந்த விதியை நடைமுறைப்படுத்த முடியுமா, யோசித்துப் பாருங்கள்.

---

சாம்பல்தீவு ஓப்பனர்

நடுவர் ஐயா சொல்வது முழுக்கச் சரி. எனக்கு ஒரு கேள்வி. இந்த முறையாவது கடினபந்தா, அல்லது திரும்பவும் மென்பந்தா? மென்பந்து போட்டி ஊருக்கு ஊர் நடக்கிறது, பத்து ஓவரில் முடிகிறது, சனமும் வருகிறது. ஆனால் அதை ஆடிக்கொண்டே இருந்தால் ஒருவனும் மாவட்ட அணிக்கு மேலே போகமாட்டான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கடினபந்தில் வளர்ந்த வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்குக்கு (எல்.பி.எல்.) போனார், 2024இல் ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸுக்கு ஆடினார். எங்களிடம் அந்த வயதில் அந்தத் திறமையோடு ஒருவன் இருந்தால், அவனைக் கண்டுபிடிக்க ஒரு கடினபந்து லீக்காவது இருக்க வேண்டாமா?

---

உவர்மலை செயலாளர்

தம்பி, லீக் கடினபந்துதான். அதில் மாற்றமில்லை. மென்பந்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். திருக்கடலூரில் கடலுக்குப் போய் வந்து பின்னேரம் ஆடுகிறவர்களுக்கு அதுதான் கிரிக்கெட். ஆனால் அதை நடத்த வேறு ஆட்கள் இருக்கிறார்கள், எங்கள் வேலை இது.

கடினபந்து என்றால் செலவு தெரியும்தானே. 2022இல் டொலர் ஏறிய பிறகு பந்து, பேட், ஹெல்மெட் எல்லாம் கைக்கு எட்டாத விலை. மெட்ச்சுக்கு இரண்டு புதுப் பந்து. அதைக் கழகங்கள் கொண்டுவருவதை நிறுத்தி லீக்கே மொத்தமாக வாங்க வேண்டும் என்பது என் எண்ணம். மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், ஒரு கழகம் நல்ல பந்தோடும் மற்றது பிளாஸ்டிக் பூச்சுப் பந்தோடும் வருகிற பிரச்சினையும் போகும். பந்து 155.9 முதல் 163 கிராமுக்குள் இருக்க வேண்டும். கடையில் தராசு இருக்கும், வாங்கும்போதே நிறுத்துப் பாருங்கள். பத்தொன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் ஹெல்மெட் இல்லாமல் துடுப்பெடுத்தாடக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

---

ஸ்கோர்புத்தகம்

நான் டீச்சர், ஸ்கோர் எழுதுகிறவள். நடுவருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது ஸ்கோரருக்கும் கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

போன சீசனில் லீக் சுற்று முடிந்த இரவு கழகங்கள் ஆளுக்கொரு நிகர ஓட்ட வீதத்தோடு (ஓவருக்கு எடுத்த ஓட்டத்திலிருந்து ஓவருக்குக் கொடுத்த ஓட்டத்தைக் கழிப்பது) வட்ஸ்அப்பில் நின்றார்கள். எல்லோரும் போன் கல்குலேட்டரில் கணக்குப் பார்த்தவர்கள்தான். பிழை இரண்டே இடத்தில்.

முதலாவது, ஆல் அவுட். ஒரு அணி 20 ஓவரில் 160 எடுக்கிறது, எதிரணி 14 ஓவரில் 100க்குச் சுருண்டுவிடுகிறது. பலரும் 100ஐ 14ஆல் வகுத்து 7.14 என்று எடுத்து, வித்தியாசம் 0.86 என்கிறார்கள். ஆல் அவுட் ஆன அணிக்கு அதற்குரிய முழு ஓவர்களும் கணக்கு. 100ஐ 20ஆல் வகுக்க வேண்டும், 5.00. வென்ற அணியின் வீதம் 8.00. ஆகவே அந்த மெட்ச்சின் பெறுமதி +3.00. அரையிறுதிக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்பதையே இந்த வித்தியாசம் தீர்மானித்துவிடும்.

இரண்டாவது, பந்துகள். 15.3 ஓவர் என்றால் பதினைந்தரை ஓவர். வகுக்கும்போது 15.5 என்று போட வேண்டும். 15.3 என்றே அடித்தால் 101 ஓட்டத்துக்கு 6.60 வரும், சரியான விடை 6.52. இன்னொன்று: ஒவ்வொரு மெட்ச்சின் வீதத்தையும் தனித்தனியாக எடுத்துக் கூட்டக்கூடாது. சீசன் முழுவதும் எடுத்த ஓட்டம், ஆடிய ஓவர், கொடுத்த ஓட்டம், வீசிய ஓவர் என்று மொத்தமாகக் கூட்டிவிட்டு கடைசியில் ஒருமுறை வகுக்க வேண்டும். முடிவில்லாமல் கைவிடப்பட்ட மெட்ச் இதில் சேராது.

இவ்வளவும் சரியாக வர, அடிப்படையில் புத்தகம் சரியாக இருக்க வேண்டும். இன்னிங்ஸ் முடிந்ததும் துடுப்பாட்டக்காரர்களின் ஓட்டங்களையும் உதிரிகளையும் கூட்டுங்கள். பிறகு பந்துவீச்சாளர்கள் கொடுத்ததையும், அவர்கள் கணக்கில் சேராத பை, லெக் பை ஓட்டங்களையும் கூட்டுங்கள். வைட்டும் நோ போலும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏற்கெனவே இருக்கும், திரும்பச் சேர்க்கக்கூடாது. தண்டனை ஓட்டம் கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் போடுங்கள். இரண்டு கூட்டலும் ஒன்றாக வந்தால்தான் நான் பேனையை மூடுவேன். ஒரு ஓட்டம் இடித்தால் ஓவர் ஓவராகத் திரும்பிப் போவேன். அணித்தலைவர்கள் "விடுங்க டீச்சர், ஒரு ரன்தானே" என்பார்கள். ஒரு ஓட்டத்தில் தோற்றவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இரண்டு அணிக்கும் இரண்டு ஸ்கோரர்கள், ஒரே மேசையில், ஓவருக்கு ஓவர் சரிபார்த்து எழுத வேண்டும். இருபது பேருக்கு வகுப்பு எடுக்க நான் தயார். என் மாணவிகள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கூரை உள்ள இடம், ஒரு கதிரை, மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை. இவை இருந்தால் அவர்கள் வருவார்கள். கழிப்பறை இல்லாத மைதானத்துக்கு என் பிள்ளைகளை அனுப்பமாட்டேன்.

---

கிண்ணியா இடக்கை

டீச்சர், கழிப்பறை விசயத்தை மைதானத் தெரிவுக்கு நிபந்தனையாகவே எழுதிவிடலாம். எங்கள் பக்கம் பாடசாலை மைதானம் கேட்டுப் பெற்றால் அந்த வசதி இருக்கும்.

செயலாளர் அண்ணாவின் கணக்கிலிருந்து எனக்கொன்று தோன்றுகிறது. வார இறுதிக்கு நான்கு மெட்ச் என்றால் எட்டுக் கழகங்கள் ஆடும், இரண்டு சும்மா இருக்கும். அந்த இரண்டும் நடுவருக்கும் ஸ்கோரருக்கும் ஆள் தரட்டும். அவர்களுக்கு அந்த மெட்ச்சில் எந்தப் பக்கமும் இல்லை. ஆள் அனுப்பாத கழகத்துக்கு ஒரு புள்ளி வெட்டு.

---

பழைய நடுவர்

நல்ல யோசனை. ஆனால் லீக் சுற்றின் முதல் பாதிக்கு மட்டும். பிற்பாதியில் ஆடாத கழகத்துக்கும் புள்ளிப் பட்டியலில் அக்கறை இருக்கும். யார் தோற்றால் தனக்கு வாசி என்று பார்க்கும். அப்போது கொடுப்பனவு பெறும் நடுவர்கள்தான் நிற்க வேண்டும்.

---

வயல்வெளி

மழைக்கு என்ன விதி? சித்திரையில் பின்னேரம் இடி மின்னலோடு வருமே. எங்கள் பக்கம் வெட்டவெளி, ஒதுங்க ஒரு மரம்தான் இருக்கிறது.

---

உவர்மலை செயலாளர்

மரத்தடிக்கு மட்டும் போகாதீர்கள் அண்ணா. மின்னலைக் கண்டு முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. உடனே ஆட்டத்தை நிறுத்தி எல்லோரும் கட்டிடத்துக்குள் அல்லது வேனுக்குள் போக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்கலாம். இதை விதியிலேயே எழுதுகிறேன். சித்திரை, வைகாசியில் இரண்டு மெட்ச்சையும் காலை ஏழரைக்குத் தொடங்கி இரண்டரைக்குள் முடித்துவிடுவது இன்னும் நல்லது.

இலக்கைத் திருத்துவது பற்றி: 1992 உலகக் கிண்ண அரையிறுதியில் தென்னாபிரிக்காவுக்கு 13 பந்தில் 22 தேவைப்பட்ட இடத்தில், மழைக்குப் பிறகு கடைசியில் ஒரு பந்தில் 21 என்று வந்து நின்றதே, அந்த மாதிரி அநியாயங்களைத் தவிர்க்கத்தான் டக்வர்த் லூயிஸ் முறை வந்தது. அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு மைதானத்திலும் இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் லீக் சுற்றில் இரண்டாம் இன்னிங்ஸ் தொடங்கிய பிறகு மழையால் முடிக்க முடியாமல் போனால் புள்ளியைப் பகிர்வோம். தொடங்கும் முன்பே மழை வந்து நேரம் போனால் இரு அணிக்கும் சம ஓவர், குறைந்தது ஐந்து. அரையிறுதிக்கும் இறுதிக்கும் மாற்று நாள். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

சாம்பல்தீவு ஓப்பனர்

வீரர் பதிவு பற்றி யாரும் கதைக்கவில்லையே? அரையிறுதி வந்தால் வெளி மாவட்டத்திலிருந்து ஆட்களை இறக்குகிறார்கள். சீசன் முழுக்க வெயிலில் ஆடிய எங்கள் பெடியன் வெளியில் உட்கார்ந்து தண்ணீர் கொண்டு ஓடுகிறான். பார்க்க வயிறு எரிகிறது.

---

உவர்மலை செயலாளர்

சீசன் தொடங்க முன்பே ஒவ்வொரு கழகமும் அடையாள அட்டை இலக்கத்தோடு இருபத்தைந்து பேர் பட்டியல் தர வேண்டும். ஜூன் முடிவில் ஒருமுறை திருத்தலாம், அதன் பிறகு இல்லை. லீக் சுற்றில் குறைந்தது மூன்று மெட்ச் ஆடாதவர் அரையிறுதியில் ஆட முடியாது. ஒருவர் இரண்டு கழகத்தில் பெயர் கொடுத்தால் இரண்டிலும் இல்லை.

காசு: வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. மாதக் கடைசியில் வரவு செலவை எல்லாக் கழகங்களுக்கும் அனுப்புவேன், பற்றுச்சீட்டுப் படங்களோடு.

---

டொரண்டோ திருமலையான்

எல்லாவற்றையும் வாசித்தேன், இங்கே மற்றவர்களோடும் கதைத்தேன். மோட்டார் சைக்கிள் வேண்டாம். அந்தக் காசு நடுவர் கொடுப்பனவுக்கும், டீச்சரின் வகுப்புக்கும், மூதூர் கழகங்களின் வேன் வாடகைக்கும் போகட்டும். கமெரா மட்டும் இருக்கட்டும் என்று கேட்கிறேன், இறுதிப் போட்டிக்கு ஒன்றாவது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த மைதானத்தைக் காட்ட வேண்டும்.

---

உவர்மலை செயலாளர்

கமெரா கட்டாயம் இருக்கும் அண்ணா. மிக்க நன்றி.

மிச்சம் ஒரு வேலை: மெட்டிங், அதாவது சீமெந்துத் தளத்தின் மேல் விரிக்கும் பாய். டித்வா புயல் மழையில் நனைந்த பாயைச் சுருட்டியபடியே வைத்திருந்தால் நடுவில் உக்கியிருக்கும். விரித்துப் பாருங்கள். இழுத்து அடிக்கும்போது நான்கு பேர் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையிலிருந்து ஆணி அடித்துக்கொண்டு வர வேண்டும். பந்து குத்தும் குட் லெங்த் இடத்தில் ஒரு மடிப்பு நின்றாலும் பந்து கணுக்காலுக்குப் போகும் அல்லது முகத்துக்கு வரும். கிண்ணியாவில் மெட்ச் வைப்பதென்றால் அங்குள்ள பாயையும் சீமெந்துத் தளத்தையும் நானும் நடுவர் ஐயாவும் பார்க்க வேண்டும்.

---

கிண்ணியா இடக்கை

ஞாயிறு காலை வாருங்கள், பெடியளை நிறுத்திவைக்கிறேன். அளவுநாடா ஒன்று கொண்டுவாருங்கள் அண்ணா. ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 20.12 மீற்றர் வருகிறதா என்று எனக்கே சந்தேகம், ஒரு முனையில் சீமெந்து உடைந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நட்டுக்கொண்டிருக்கிறோம். பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். நடுவர் ஐயாவுக்கு மீன் ஆகுமா, மரக்கறியா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.